கண்ணாடியில் விரல் நிற்காது

— ஃபோன் கடை பாபு ஆறு மணிக்கு வரேன்னுட்டான். இந்த கேம் டப்பாவ எடுத்துகினு போயிடுவான். நான் சரின்னுட்டேன். இனிமே நீங்க கத்தி பிரயோஜனம் இல்ல.

— யார கேட்டு சரின்ன இந்து? நான் மொகம் கழுவிகினு வர்றதுக்குள்ள என் பொருள வித்துட்டியா?

— விக்கல. மாத்தறேன். டப்பாவ குடுத்தா நல்ல ஃபோனா தரேன்றான். ராபர்ட்சன்பேட்டைல வேற எந்த கடையிலயும் பழைய டப்பாவ வாங்க மாட்டாங்க. உங்க ஃபோனு ஸ்கிரீன் ஒடஞ்சு ஆறு மாசம் ஆவுது.

— ஒடஞ்சா இன்னா? பேசினா கேக்குது. போதும்.

— சுமா சொல்றா, நீங்க ஆடற இதே சண்ட கேமு ஃபோன்லயே வருதாம். நான் தெனம் மாரிக்குப்பத்துல ட்ரெயின் ஏறறேன். பெங்களூர் போற வரைக்கும் பசங்க ஃபோன்ல தான் ஆடறாங்க. ஒருத்தன் கூட டிவிய தூக்கிகினு வரல.

— அது ஆட்டமா? கண்ணாடிய தொடைக்கறது. கேட்டியா, அந்த டப்பா மேல கை வெக்க சொல்லு பாபுவ, அப்பால இன்னா நடக்குதுன்னு பாரு.

— மெரட்டாதீங்க. ரவிகுமார்னு ஒருத்தர் இருந்தாரு, கோவமே வராது. எங்க மாப்ளன்னா இப்டின்னு எங்க அம்மா ஆண்டர்சன்பேட்டை பூரா சொல்லிகினு திரிஞ்சாங்க. ஒரு டப்பாவுக்காக இப்டி மூஞ்ச காட்றீங்க.

— ஆட்டம் ஆரம்பிக்குது. கொஞ்சம் கம்முனு இரு.

— ஆடிகினே பேசுங்க. சத்தம் பூரா டப்பாலேர்ந்து நேரா உங்க ஹெட்செட்டுக்குள்ள தான் ஓடுது, எனக்கு தொந்தரவு இல்ல. நான் பேசறது கேக்குது இல்ல?

— கேக்குது, கேக்குது. நீ பேசறது ஹெட்செட்ட ஒடச்சுகினு வரும்.

— அது இருக்கட்டும். ஃபோன்ல இன்னா கொற? எனக்கு புரியற மாதிரி சொல்லுங்க. சொன்னா பாபுவ வாசல்லயே திருப்பி அனுப்பிடறேன். சத்தியமா.

— சத்தியமா?

— சுமா மேல.

— புள்ள மேல எல்லாம் எதுக்கு... சரி, கேளு. என் கையில இருக்குதே, இத புடிச்சு பாத்திருக்கியா? கட்ட வெரலுக்கு ஒரு குச்சி. பக்கத்துல நாலு பட்டன், மேடு மேடா. மேல ரெண்டு. எதிராளி அடிச்சா உள்ள அதிருது. பட்டன தேட வேணாம், வெரல் போய் தானா உக்காரும். ஃபோன்ல இன்னா இருக்குது? வழுக்கற கண்ணாடி. பட்டன படமா வரஞ்சு வெச்சிருக்கான். வெரல் ஒரு நூல் தள்ளி போனா கூட தெரியாது. பட்டன் எங்க இருக்குதுன்னு பாத்து பாத்து அழுத்தணும்.

— பாத்து அழுத்தினா இன்னா?

— இன்னான்னா... ஆட்டத்த பாப்பனா, வெரல பாப்பனா?

— சரி. ஒத்துக்கறேன். ஆனா பாபு வேற சொன்னான். இதே கைப்புடிய ஃபோனோட சேத்துக்கலாமாம். ஒயர் கூட வேணாமாம். அப்ப உங்க மேடு, பட்டன், அதிர்வு எல்லாம் அப்டியே இருக்கும். ஃபோன செவுத்துல சாச்சு வெச்சுக்கலாம்.

— இதோ, இதோ... எடது பக்கமா வரான். வாடா. விழுந்தான். பாத்தியா?

— பாத்தேன். பதில் சொல்லுங்க.

— சேக்கலாம். யாரு இல்லன்னா? சுமா ஃபோன்ல சேத்து பாத்துட்டேன் போன மாசம். சத்தம் லேட்டா வருது.

— எவ்ளோ லேட்டு?

— கண்ண மூடி தொறக்கற நேரம். ஹெட்செட்டும் ஒயர் இல்லாம, ஃபோனும் அப்டி. அவன் குத்தினப்பறம் தான் காதுல குத்து விழுது. தடுக்கறதுக்குள்ள தோத்துட்டேன். எட்டு தடவ ஆடினேன், எட்டும் போச்சு.

— சத்தம் லேட்டா வந்தா இன்னாங்க? கைய ஓங்கறது தான் ஸ்கிரீன்ல முன்னாடியே தெரியுதே.

— இரு, ரெண்டாவது ரவுண்டு. பேச வெக்காத.

— ஸ்கிரீன்ல தெரியுதேன்னு கேட்டேன்.

— ஃபோன் ஸ்கிரீனு இத்துனூண்டு. டிவி பெருசு. உனக்கு புரியாது, ஆடறவனுக்கு தான் புரியும். இதோ, வலது பக்கம் தாவறான். குதிக்க போறான். குதிச்சான். மேலயே வெச்சு குடுத்தேன் பாரு ஒண்ணு.

— நல்லா குடுத்தீங்க. அவன் இன்னா கலர் சட்ட?

— எவன்?

— உங்க கிட்ட ஒத வாங்கறவன்.

— சட்ட கலர பாத்தா ஒதைக்கறாங்க? இன்னாடி ஆச்சு உனக்கு இன்னிக்கி? ஃபோனு, டப்பா, சட்டன்னு. ஷிஃப்ட் முடிஞ்சு வந்தவன நிம்மதியா உக்கார விட மாட்டியா?

— கிளமெண்ட்ட பாத்தேன்.

— எங்க?

— நேத்து ஸ்டேஷன்ல. அவன் தங்கச்சி ஸ்வீட்டிக்கு நிச்சயம் வெச்சிருக்காங்களாம், துணி எடுக்க பெங்களூர் வந்திருந்தான். என்ன பாத்துட்டு ஒரே சிரிப்பு. அப்பால சிரிப்பு போயிடுச்சு. அண்ணி, உங்கள ஒண்ணு கேக்கலாமான்னான்.

— அவனுக்கு வாய் ஜாஸ்தி.

— அவன் வாயே தொறக்கல. நான் தான் பிடுங்கினேன். நீங்க மேல க்ரேன் கேபின்ல உக்காந்து தூக்கறீங்க, அவன் கீழ நின்னு கை காட்டறான். பதினோரு வருஷமா அப்டி தான். இப்ப ரெண்டு மாசமா கை காட்ட வேணாம், விசில் ஊதுன்னு சொல்லியிருக்கீங்களாமே?

— ஆமா. அதுல இன்னா தப்பு? ஒரு விசில்னா நிறுத்து, ரெண்டுன்னா இறக்கு, மூணுன்னா தூக்கு. ஃபேக்டரி ஷாப்புல பொக, தூசி. கை காட்டினா சரியா தெரியாது.

— மத்த க்ரேன்காரங்களுக்கு தெரியுதாமே.

— இந்து, எங்கப்பா இன்னா வேல பண்ணாரு?

— அது எதுக்கு இப்ப?

— சொல்லு. ராஜப்பா இன்னா வேல பண்ணாரு?

— நந்திதுர்க் தங்க மைன்ல, ஆளுங்க ஏறற கூண்ட, அதான் அந்த கேஜ, உள்ள இறக்கற எஞ்சின் ஓட்டினாரு.

— ஓட்டினாரா. ஷாஃப்ட் குழி ஒரு பக்கம், எஞ்சின் ரூம் ஒரு பக்கம். கேஜையும் பாக்க முடியாது, ஏறின ஆளையும் பாக்க முடியாது. கீழேர்ந்து பெல் அடிப்பாங்க. எண்ணுவாரு. இறக்குவாரு, ஏத்துவாரு. அத்தன லெவலுக்கும் வெறும் பெல்லு தான். முப்பது வருஷம், ஒருத்தனுக்கு ஒரு கீறல் இல்ல. அவரால முடிஞ்சது என்னால முடியாதா? கிளமெண்ட் ஊதறான், நான் இறக்கறேன்.

— இதான் உங்க கணக்கா?

— இதுல இன்னா தப்புன்னு சொல்லேன்.

— மாமா முன்னாடி ஒரு பெரிய முள்ளு இருந்துச்சு. கடியாரம் மாதிரி. கேஜ் எந்த லெவல்ல இருக்குதுன்னு அது காட்டும். எனக்கே சொல்லியிருக்காரு, கல்யாணம் ஆன புதுசுல. பெல்ல காதால கேப்பேன், முள்ள கண்ணால பாப்பேன், ரெண்டும் ஒத்துப் போனா தான் கைய எடுப்பேன்னு. நீங்க பாதி கதைய எடுத்துகினு மேல ஏறி உக்காந்திருக்கீங்க.

— ...ரெண்டாவது ரவுண்டும் ஜெயிச்சுட்டேன்.

— வெள்ளிக்கிழம இன்னா ஆச்சு?

— ஒண்ணும் ஆவல.

— ஹூக்கு கிளமெண்ட் ஹெல்மெட்ட தட்டி விட்டிருக்குது. ஒரு ஜாண் இறங்கியிருந்தா தல. அவன் ஒரு தடவ ஊதினான், நிறுத்தல நீங்க.

— பக்கத்துல கிரைண்டர் ஓடினா எனக்கு எங்க கேக்கும்?

— கேக்கல. சரி. மேலேர்ந்து பாத்தா அவன் நிக்கறது தெரியாது?

— அவன் தப்பான எடத்துல நின்னான்.

— அப்டி தான் சூப்பர்வைசர் கிட்ட சொல்லியிருக்கீங்க. அவனும் ஆமாங்க, என் தப்புன்னு ஒத்துகினு வந்துட்டான். உங்களுக்காக. ரவி அண்ணனுக்கு இன்னாமோ ஆவுது அண்ணி, கேட்டா எரிஞ்சு விழறாரு, நீங்க கேளுங்கன்னான். இதுக்கு அப்பறமும் நாளைக்கு உங்க ஹூக்குக்கு கீழ அவன் தான் நிக்கணும். நாளைக்கு டம்பர் லாரி சேசிஸ் தூக்கறீங்க. முழுசா ஒண்ணு.

— நாலாயிரம் தடவ தூக்கியிருக்கேன்.

— எனக்கு பயமா இருக்குதுங்க. நேத்து ராத்திரி பூரா பயம். நீங்க பைக்க விட்டீங்க, கிளட்ச் சரியில்லன்னீங்க, நம்பினேன். ஃபோன்ல மெசேஜ் வந்தா சுமா படிம்மான்றீங்க, செல்லம் குடுக்கறீங்கன்னு நெனச்சேன். போன வாரம் மார்க்கெட்ல நம்ம தெரு ஹரோல்ட் சார் ரெண்டடி முன்னாடி நின்னு சிரிச்சாரு, நீங்க தாண்டி போனீங்க. அவர் குரல் குடுத்ததும் தான் திரும்பினீங்க. எனக்கு அப்ப கூட உறைக்கல பாருங்க.

— நீ இன்னா சொல்ல வர?

— கண்ணு எவ்ளோ தெரியுது உங்களுக்கு?

— இரு, ஹெட்செட் வழுக்குது, சரி பண்ணிக்கறேன்.

— ஃபோனு ஆவாது, வெரலுக்கு மேடு வேணும், சத்தம் சரியா வரணும், எடது காது வலது காது தனித்தனியா கேக்கணும். கேம பத்தி கேட்டேன், காத பத்தியும் வெரல பத்தியும் சொன்னீங்க. கண்ண பத்தி ஒரு வார்த்த வரல.

— பைத்தியம் மாதிரி பேசாத. போன வருஷம் கம்பெனி மெடிக்கல் டெஸ்ட்ல பாஸ் பண்ணவன் நான்.

— இந்த வருஷம்?

— இந்த வருஷமும் பண்ணுவேன். இன்னா பண்ணணும்றே? நானே போயி கண்ணு மங்குதுன்னு சொல்லணுமா? கேபின்லேர்ந்து இறக்கி ஸ்டோர்ல உக்கார வெப்பான். நட்டு போல்ட்ட எண்ணி போடுன்னுவான். பத்தொம்பது வருஷம் மேல உக்காந்தவன். கீழ நடக்கறவன் எல்லாம் என் கைய தான் அண்ணாந்து பாத்தான். அதுலேர்ந்து இறங்கி வரணுமா?

— அப்ப மங்குதா?

— நான் அப்டி சொல்லல. ஒரு பேச்சுக்கு சொன்னேன்.

— நாளைக்கு ஒரு நாள் லீவு போடுங்க. ரெண்டு பேரும் கண்ணாஸ்பத்திரிக்கு போலாம். அங்க ஒண்ணும் இல்லன்னா நானே உங்க கால்ல விழறேன். பாபுவுக்கு இப்பவே ஃபோன் பண்ணி வராதன்னு சொல்லிடறேன். டப்பா உங்களுது. சாவற வரைக்கும் ஆடுங்க.

— லீவு போட முடியாது. நான் இல்லாம சேசிஸ யாரு தூக்குவாங்க?

— கண்ணு தெரியறவங்க.

— இந்து.

— கத்துங்க. பரவால்ல.

— நான் கத்தல. இங்க பாரு. உனக்கு சந்தேகம் தான, இங்கயே தீத்துடலாம். மூணாவது ரவுண்டு ஆரம்பிக்குது. டிவி எட்டடி தூரத்துல இருக்குது. நீயும் பாரு, நானும் பாக்கறேன். அவன் எங்க வரான், இன்னா பண்றான்னு ஒண்ணொண்ணா சொல்றேன், சரியா?

— சொல்லுங்க.

— வலது ஓரத்துல நிக்கறான். கிட்ட வரான். கால ஓங்கறான், தடுத்தேன். பின்னால போறான். இப்ப ஓடி வருவான் பாரு... வரான், குனிஞ்சேன், குடுத்தேன். இன்னொண்ணு. செவுத்தோட சாச்சுட்டேன். முடிஞ்சுது. மூணு ரவுண்டும் என்னுது. போதுமா?

— அழகா ஆடினீங்க.

— கண்ணு தெரியாதவன் இப்டி ஆடுவானா? நீயே சொல்லு. மொதல்லேர்ந்து உக்காந்து எல்லாத்தையும் பாத்துகினு தான இருக்க?

— பாத்துகினு தாங்க இருக்கேன். நீங்க மொகம் கழுவ போனப்பவே டிவிய கேபிளுக்கு மாத்தி சத்தத்த அடைச்சுட்டேன், அப்பலேர்ந்து அதுல ஒரு பொம்பள கேக்கு செஞ்சுகினு இருக்கா.