இத்தாலிக்காரிக்கு என்ன வருத்தம்

இல்ல தம்பி, அந்த உறையை இப்ப கழட்ட வேணாம். முதல்ல ரீயைக் குடிங்க, ஆறப் போகுது. பைக் எங்க ஓடப் போகுது? ஓடாது எண்டுதானே நிலூஷா உங்களை அனுப்பி இருக்கிறா.

ஓம், நான்தான் மாக்ரெட். காலையில போன்ல கதைச்சது நான்தான். பைக் எங்கட அண்ணாட, ஸ்ரனிஸ்லாஸ் எண்டு பேர். ஆள் இப்ப துறைமுகத்தில, வேலை முடிஞ்சு பின்னேரம்தான் வருவார். நீங்க வாறது அவருக்குத் தெரியாது. சொல்லாமலே திருத்தி வைப்பம் எண்டு நிலூஷா இத்தாலியில இருந்துகொண்டு திட்டம் போட்டவ. நல்ல மனசு. அவட மனசில ஒரு குறையும் இல்ல.

வெள்ளவத்தையில இருந்தா வாறீங்க? இந்த வெயிலுக்க கொட்டாஞ்சேனை வரைக்கும்? பாவம். ரோல்ஸ் எடுங்க, மீன் போட்டது. அந்தப் பெட்டிக்குள்ள என்ன, கம்ப்யூட்டரா? ஓ, பைக்கில கொழுவினா என்ன வருத்தம் எண்டு தானாச் சொல்லுமா? பொய்யே சொல்லாதா?

ம். இன்னொரு ரோல்ஸ் எடுங்க.

இல்ல, நான் என்ன சொல்றன் எண்டா, டொக்டர்மாரே வருத்தக்காரனுக்கு என்ன நடந்தது எண்டு கேட்டுப்போட்டுத்தானே கை வைக்கிறாங்க. நீங்களும் கேளுங்க. இந்த வீதியில எல்லாரும் அதை இத்தாலிக்காரி எண்டுதான் சொல்றது. அவள்ட கதை தெரியாமக் கை வச்சா உங்களுக்குத்தான் கரைச்சல்.

எங்கட அண்ணா கலியாணம் கட்டாத மனுசன். கிரேன் ஓட்டுறவர். வாலிப வயசில இருந்து அந்த உச்சியில, கண்ணாடிக் கூட்டுக்குள்ள தனிய இருந்து கப்பல்ல இருந்து பெட்டி இறக்கினவர். கதைக்கிறது எண்டா வோக்கிடோக்கியில மட்டும்தான். கீழ இறங்கி வந்து மனுசரோட கதைக்கச் சொன்னா வார்த்தை வராது. பொம்பிளை பார்க்கக் கூட்டிக்கொண்டு போன வீட்டில, பிளேன்ரீயைக் குடிச்சுப்போட்டு நன்றி எண்டு சொல்லிட்டு எழும்பி வந்தவர். அந்தப் பிள்ளை வாசலுக்கு வரவே இல்ல, அதுக்குள்ள வந்துட்டார்.

இந்தப் பைக்கை நாட்டில இறக்கினதும் அவர்தான். ஓம், கையால இல்ல, கிரேனால. ஒரு தூதரகத்து வெள்ளைக்காரர்ட சாமானோட வந்தது. கீழ கஸ்டம்ஸ்காரர் பெட்டியைத் திறக்கேக்க மேல இருந்து பார்த்திருக்கிறார், சிவப்பா ஒண்டு. அண்டைக்கு வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடேக்க, மாக்ரெட், இண்டைக்கு ஒண்டைப் பார்த்தன் எண்டார். நான் பொம்பிளையாக்கும் எண்டு சந்தோசப்பட்டுப்போனன். அந்த வெள்ளைக்காரர் நாட்டை விட்டுப் போகேக்க, சேத்து வச்சிருந்ததெல்லாம் குடுத்து வாங்கிப்போட்டார்.

ஐயோ தம்பி, அந்த முதல் நாள். ஸ்டார்ட் பண்ணினா, பால்மா டின்னுக்குள்ள ஆணியைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். பக்கத்து வீட்டுச் சிவபாதசுந்தரம் மாஸ்டர் ஓடி வந்து, நிப்பாட்டுங்க நிப்பாட்டுங்க, ஏதோ கழண்டு போச்சு எண்டார். அதுக்கு அதுதான் நல்ல சத்தமாம். கிளச் அப்படித்தான் கிலுங்குமாம். ஆ, உங்களுக்குத் தெரியும் என்ன? சூடும் தெரியுமோ? காலி வீதி நெரிசலுக்க நாலு சிக்னல் லைட்டில நிண்டு வந்தாரெண்டா தொடை வெந்து போயிடும். ரெண்டு நாளைக்குக் கத்தாழை பூசிக்கொண்டு காலை அகட்டி நடப்பார். கேட்டா, இத்தாலியில குளிர் தானே, அதுக்குச் செய்தது எண்டுவார். பைக்கில பிழை சொல்லவே விடமாட்டார்.

சேர்விஸ் எண்டா அதுக்கு மேல. மற்றவங்கட பைக்குக்கு ஒயில் மாத்தினா போதும். இவளுக்கு உள்ளுக்க ரெண்டு பெல்ட், ஓடினாலும் மாத்தோணும், ஓடாட்டியும் மாத்தோணும். பெற்றோல் இல்லாத காலத்தில மாசக்கணக்கா இந்த மூலையில நிண்டவள், ஒரு அடி நகரேல்ல, பெல்ட் மாத்துற நேரம் வந்துட்டுது எண்டு அண்ணா கலண்டரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். நாங்க கேஸ் இல்லாம விறகு தேடுறம், இவர் பெல்ட் தேடுறார்.

அந்தப் பெல்ட்டிலதான் நிலூஷா வந்தவ.

நிலூஷா என்னோட கொன்வென்ட்டில படிச்சவ, முகத்துவாரத்து ஆள். புருசன் செத்தாப் பிறகு மிலானோவுக்குப் போய், வயசான ஒரு இத்தாலி அம்மாவை, சிஞ்ஞோரா எண்டுதான் சொல்லுவா, பார்த்துக்கொண்டு இருந்தவ. இங்க சாமான் இல்ல, ஓடர் போட்டாலும் எப்ப வரும் எண்டு தெரியாது எண்டு எல்லாரும் கையை விரிச்சாப் பிறகு, நான்தான் அவவுக்குக் கோல் எடுத்து அண்ணாட கையில போனைக் குடுத்தனான். மனுசன் போனை வாய்க்கு முன்னால பிடிச்சு, ரெண்டு பெல்ட் தேவை, ஓவர், எண்டார். நம்பரைச் சொல்லிப்போட்டு, ஓவர். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. கட்டாயிட்டுதோ எண்டு நான் வாங்கிப் பார்த்தா, அவ அங்க சிரிச்சுச் சிரிச்சு மூச்சு எடுக்க ஏலாம இருக்கிறா. சிஞ்ஞோரா படுக்கையில இருந்து என்ன என்ன எண்டு கேக்கிறதும் கேக்குது.

அதுக்குப் பிறகு சாமான் எல்லாம் அவதான். பெல்ட்டை அங்க இருந்து வந்த நீர்கொழும்புப் பெடியன் ஒருத்தன்ட கையில குடுத்து விட்டவ. கிளச் தட்டுகளை லீவில வரேக்க தன்ட ஹேண்ட்பேக்குக்குள்ளயே கொண்டு வந்தவ. எயாபோட்டில பிடிச்சுட்டாங்க. வட்டமா, சுத்திவரப் பல்லோட இருக்கு தானே. ஒஃபிசர், மே மொகக்த, இது என்ன எண்டு கேட்டிருக்கிறார். இவ கொஞ்சமும் யோசிக்கேல்ல. கொக்கிஸ் பலகாரம் சுடுற அச்சு, மாத்தயா, எண்டிருக்கிறா. இவ்வளவு பெரிய கொக்கிஸா எண்டு அவர் கேக்க, எங்கட பெரிய குடும்பம் எண்டாவாம். விட்டுட்டாங்க.

அதைக் கிராண்ட்பாஸில ஜவாத் தம்பி பூட்டிக் குடுத்தவர். ஓம், கராஜ் வச்சிருக்கிறவர், எங்கட பழைய ஆள். பூட்டினது திங்கக்கிழமை. அடுத்த நாள் செவ்வாய், கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி இருக்கு எண்டு நிலூஷா சொல்ல, அண்ணா வாயைத் திறந்து, பைக்கில கொண்டு போய் விடவா எண்டு கேட்டார். தம்பி, என்ட கையில இருந்த கரண்டி கீழ விழுந்துட்டுது.

போனாங்க. கோயில் வாசல்ல சனம் திரளுற நேரம், சரியா நடுவில போய் இத்தாலிக்காரி நிண்டுட்டாள். அசையிறாள் இல்ல. பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான், பொலிஸ் விசில் ஊதுறான். பைக்கை நேர்த்திக்குக் கொண்டு வந்திருக்கு எண்டு நினைச்சு, ஒரு மனுசி பக்கத்தில மெழுகுதிரி ஏத்திப்போட்டா. பெற்றோல் டாங்குக்குப் பக்கத்தில, யோசிச்சுப் பாருங்க. அண்ணா குனிஞ்சு ஊதி அணைக்க, அவ பேசிப்போட்டுத் திருப்பி ஏத்துறா. கடைசியில ஃபாதரே வந்து தீர்த்தம் தெளிச்சவர். தெளிச்ச உடன ஸ்டார்ட் ஆகிட்டுது. சனம் எல்லாம் அந்தோனியாரே எண்டு கும்பிட, இவங்க ரெண்டு பேரும் ஏறி வந்தாங்க. ஜம்பட்டா வீதியில பாதி வழியில திருப்பி நிண்டுட்டாள்.

நான் மேல ஜன்னல்ல நிண்டு பார்க்கிறன். அண்ணா ஹேண்டிலைப் பிடிச்சுக்கொண்டு, நிலூஷா நல்ல சாரியை இடுப்பில செருகிக்கொண்டு பின்னால தள்ளுறா. வேர்த்து வழியுது ரெண்டு பேருக்கும். ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க. எங்கட அண்ணாக்கு இவ்வளவு பல்லு இருக்கு எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். வாசல்ல நிப்பாட்டிப்போட்டும் உள்ளுக்க வராம, அந்த எரியிற வெயிலுக்க நிண்டு கதைச்சவங்க. அண்ணா கதைச்சவர், தம்பி. நான் கண்ணால கண்டனான்.

பிறகு லீவு முடிஞ்சு அவ போயிட்டா.

ஏன் நிண்டதா? ஜவாத் கண்டுபிடிச்சவர். பற்றரிக்குச் சார்ஜ் குடுக்கிற சின்னப் பெட்டி ஒண்டாம், எங்கட சூட்டுக்கு வெந்து போச்சாம். நிலூஷா அதையும் அனுப்பினவ, அவர் பூட்டினவர்.

அதுக்குப் பிறகுதான் இந்தச் சத்தங்கள் தொடங்கினது. ஓம், அதுதான் நிலூஷா உங்களுக்குச் சொன்ன சத்தம். அண்ணா முதல்ல முன்னால எண்டார். அடுத்த ஞாயிறு பின்னால எண்டார். பிறகு வளைக்கேக்க மட்டும், பிறகு நிக்கேக்க மட்டும். எப்ப கேக்கும் எண்டு கேக்கிறீங்களா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வந்தாப் பிறகு. குளிச்சு, சேட் போட்டு, தலை இழுத்து, போனைக் கையில எடுத்தாரெண்டா கேக்கும்.

சிரிக்காதீங்க. நிலூஷா அந்தச் சத்தத்தைப் போன்ல பதிஞ்சு எடுத்து மிலானோவில பைக் கடைக்கெல்லாம் கொண்டு போய்ப் போட்டுக் காட்டினவ. ஒருத்தன் பெயரிங் எண்டானாம், ஒருத்தன் செயின் எண்டானாம். ரெண்டு பேருக்கும் சண்டையாம். ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டுப்போட்டு, அம்மா, எனக்கு இதில கோயில் மணிச் சத்தம் மட்டும்தான் கேக்குது எண்டாராம்.

பொறுங்க, வாறன். நீங்க கெட்டிக்காரன், எனக்குத் தெரியும். அந்த உறைக்குக் கிட்டப் போக வேணாம் எண்டு சொன்னனான் எல்லோ.

போன மாசம் அந்தச் சிஞ்ஞோரா கண்ணை மூடிட்டா. நல்ல மனுசி, நிலூஷா எத்தனை நாள் அழுதவ. இப்ப வேலைக்கு வேற வீடு ஒண்டு வந்திருக்கு, நல்ல இடமாம். சைன் வச்சா வருசக்கணக்கில அங்கதான், லீவும் பெரிசா இல்லையாம். இந்தக் கிழமைக்குள்ள பதில் சொல்லோணும். அண்ணாக்குச் சொன்னவ. அவர் என்ன சொன்னவர் தெரியுமா? நல்லம் எண்டார். போனை வச்சுப்போட்டுக் கீழ வந்து பைக்கைத் துடைக்கத் தொடங்கினவர், பொழுதுபடும் வரைக்கும் ஒரே இடத்தைத் துடைச்சுக்கொண்டு நிண்டவர். இரவு சாப்பிடவும் இல்ல. ஒரு வால்வைப் பற்றி அரை மணித்தியாலம் கதைக்கிற மனுசன், திரும்பி வாங்க எண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாம நிக்கிறார்.

அவ எனக்குத் தனியக் கோல் எடுத்தவ. மாக்ரெட், அந்தப் பைக்கை ஒரு நல்ல ஆளைக் கொண்டு முழுசாத் திருத்திப்போட்டா, அவருக்கு இனி என்ட உதவி தேவைப்படாது தானே, நான் நிம்மதியாச் சைன் வைப்பன் எண்டா. பைக்கைப் பற்றி உனக்கு ஏன்டி இவ்வளவு கவலை எண்டு கேட்டன். அதுக்கு அவ, அங்க மழையோ எண்டு கேட்டவ.

அப்படித்தான் நீங்க வந்திருக்கிறீங்க.

சரி, இப்ப கழட்டுங்க. ஓம், கழட்டுங்க, நானே பைக்கை ஸ்டார்ட் பண்ணத் திறப்புத் தாறன். அந்தக் கம்ப்யூட்டரைக் கொழுவி நேரத்தை வீணாக்காதீங்க, அதில ஒரு வருத்தமும் இல்ல. ஒரு வருசமா இல்ல. தட்டின உடன பிடிக்கும். போன கிழமையும் சிலாபம் போய் வந்தவர், சொட்டு ஒயில் ஒழுகேல்ல. ஜவாத்துக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவவுக்கு மட்டும்தான் தெரியாது, தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருக்கிறாவோ என்னவோ.

அதால நீங்க ஒரு வருத்தம் கண்டுபிடிக்கோணும். சின்னதாச் சொன்னா யாற்றயும் கையில குடுத்து விட்டுடுவா. பார்சலுக்குள்ள அடங்காத சாமானாப் பாருங்க. வாங்குற ஆளே கொண்டு வந்து, பூட்டுற வரைக்கும் பக்கத்தில நிக்கோணும் எண்டு சொல்லுங்க. பூட்டினாப் பிறகும் கொஞ்சக் காலம் பார்த்துக்கொண்டு இருக்கோணும் எண்டு சொல்லுங்க. அப்படி ஒரு சாமான் பைக்கில இல்லையா? படிச்ச பிள்ளை, யோசிங்க.

அது உங்கட போனா அடிக்குது? பார்த்தீங்களா, அவதான். எடுங்க, எடுங்க. முகத்தை மட்டும் கொஞ்சம் கவலையா வச்சுக்கொள்ளுங்க தம்பி, அவ வீடியோலதான் எடுப்பா.