ஒம்பது செகண்டு மாமனார்

அய்யோ, லாரியில ஏத்துற கண்டெய்னர் இல்ல சார். பஸ் சத்தத்துல சரியா கேக்கல போல. இது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற பெட்டி, கண்ணுக்குத் தெரியாது. ஒரு சாஃப்ட்வேர அதுக்குள்ள போட்டு மூடிட்டா, வெளிய ஒரு உலகம் இருக்குன்னே அதுக்குத் தெரியாது. எங்க அண்ணன்னு வச்சுக்குங்களேன், கல்யாணத்துக்கப்புறம் மாடிய விட்டு கீழ இறங்கினதே இல்ல.

எதுக்கா? எங்க கல்யாண டிவிடிக்குத்தான். இருபத்திரெண்டு வருஷமாச்சு. போட்டா, நான் நடந்து வர்ற எடத்துல ஒரு காலத் தூக்கினபடியே நின்னுடுவேன். முழுசா கெடுறதுக்குள்ள கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்னு பாத்தேன். ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரர், கண்ட சாஃப்ட்வேரையும் நேரா போடாதீங்க, கண்டெய்னர்ல ஓட்டுங்க, வேலை முடிஞ்சா பெட்டியோட தூக்கிப் போட்டுடலாம், சுத்தமா இருக்கும்னார். சுத்தம்னு ஒரு வார்த்தை போதும் சார் எனக்கு. நான் சோப்புக் கவரையே கழுவித்தான் குப்பையில போடுவேன்.

ஓட்டினேன். டிஸ்க் எங்கன்னு கேக்குது. டிரைவ் இங்கதான் இருக்குன்னு நாமதான் எழுதிக் குடுக்கணுமாம். குடுத்தேன். மொதல்ல டிஸ்க்ல இருந்து உருவுச்சு, அப்புறம் சின்ன ஃபைலா மாத்துச்சு. பதினோரு மணி நேரம்! பிரசவ வார்டு வாசல்ல நிக்கற மாதிரி பக்கத்துலயே இருந்தேன். நூறு சதவீதம்னு வந்துச்சா, உடனே பெட்டியத் தூக்கிப் போட்டேன். டிஸ்க்க நூல்ல கட்டி பால்கனியில தொங்க விட்டேன், புறா வராம இருக்கட்டும்னு.

அங்கதான் சார் கோட்டை விட்டேன். முடிஞ்ச ஃபைல வெளிய எந்த ஃபோல்டர்ல வைக்கணும்னு தனியா எழுதிக் குடுக்கணுமாம். நான் குடுக்கல. அது சமத்தா பெட்டிக்குள்ளயே வச்சிருக்கு. பெட்டியோட கல்யாணமும் போச்சு.

டிஸ்க்கா? நாலு நாள் கழிச்சு ஃபைலத் தேடினப்பதான் இது தெரிஞ்சுது, பால்கனிக்கு ஓடிப் போய்ப் பாத்தா, வெயில்ல பளபளப்பு உரிஞ்சு கையோட வருது. புறா வேற அதுக்கு மேலயே உக்காந்து ஊஞ்சலாடுது.

நான் போனா போறேன் சார், அதுல முழுக்க வேர்த்து வழிஞ்சுக்கிட்டுதான் நிப்பேன். ஆனா எங்க மாமனார் ஒம்பது செகண்டு வருவார். அந்த எடம் மட்டும் நிக்காம ஓடும். கேமராக்காரரப் பாத்து, லைட்ட அணைப்பா, எனக்கா கல்யாணம்னு சொல்லிட்டு சிரிப்பார். அடுத்த வருஷமே போய்ச் சேந்துட்டார். போட்டோவுல எல்லாம் விறைப்பாத்தான் நிப்பார். அவர் சிரிச்சுப் பாக்கறதுக்கு வேற ஒண்ணும் கெடையாது. மனசு சரியில்லன்னா என் வீட்டுக்காரி அதத்தான் போட்டுப் பாப்பா.

மறைக்க முடியுமா? சொல்லிட்டேன். திட்டியிருந்தாக்கூட ஆறிப் போயிருக்கும் சார். பரவால்லங்கன்னா. அதுக்கப்புறம் பத்து நாளா ஒரு வார்த்தை பேசல.

உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா... தப்பா நெனைச்சுக்காதீங்க. முன் சீட்டுல குடையோட உக்காந்திருக்கா பாருங்க, அவதான். திரும்ப மாட்டா, அழுதுட்டிருக்கா. டிரைவர் பிரேக் போட்டப்போ உங்க தொப்பி பறந்து போய் கண்டக்டர் தலையில உக்காந்துச்சே, நீங்க விழுந்து விழுந்து சிரிச்சீங்களே. அப்போ என் கையப் புடிச்சா. அப்பா சிரிப்புங்கன்னா.

இல்ல சார், நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். நாங்க இறங்க வேண்டிய எடம் போய் ஏழு ஸ்டாப் ஆச்சு, எந்திரிக்க மாட்டேங்கறா. நீங்க எங்க இறங்குவீங்கன்னு மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னா.