அவள் கேட்ட அளவு

சிங்கப்பூரில் காசில்லாமல் பொழுது போகாது என்று சொல்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளைத் தூங்கியே கழிப்பவர்களாக இருக்க வேண்டும். நான் பதினோரு வருடமாக எந்த ஞாயிறும் வீட்டில் இருந்ததில்லை. காலையில் தேவாலயத்தில் பூசை. பிறகு தேக்கா சந்தையில் ஒரு தோசையும், இழுத்து ஆற்றிய தே தாரிக் தேநீரும். அதன்பிறகு ஏதாவது ஒரு நூலகத்திலோ சமூக மன்றத்திலோ வளைகுடா ஓரத்துத் திறந்த மேடையிலோ யாரோ ஒருவர் தானே எழுதிய பாட்டைத் தானே பாடிக்கொண்டிருப்பார். நுழைவுச்சீட்டு கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும், இல்லாவிட்டால் தரை. சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், நம் பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள். பாதிப் பேருக்குச் சுதி நிற்காது. அதனால் என்ன? பாடி முடித்ததும் அவர்கள் நம் முகத்தைப் பார்ப்பார்கள். வாரத்தின் மற்ற ஆறு நாளும் என் முகத்தை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

வாக்குமூலத்தைத் தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள். நன்றி. ஆங்கிலத்தில் சொன்னால் இது வேறு மாதிரி ஆகிவிடும்.

என் பெயர் ஆர்னால்ட். வயது நாற்பத்து நான்கு. சுவா சூ காங்கில் தனியாக இருக்கிறேன். ஜூரோங்கில் ஓர் இரும்பு ஆலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். எந்த இயந்திரத்தின் பக்கத்தில் எத்தனை டெசிபல் சத்தம் என்று அளந்து சுவரில் எழுதி ஒட்டுவது என் வேலை. காதடைப்பான் போடாத ஆளைக் கூப்பிட்டுக் கண்டிப்பேன். வருடத்துக்கு ஒருமுறை எல்லாரையும் செவிப் பரிசோதனைக்கு அனுப்பிவைப்பேன். இதை மறைத்துப் பயனில்லை, நீங்கள் ஏற்கெனவே விசாரித்திருப்பீர்கள். எண்பத்தைந்து டெசிபலில் ஒருவர் எட்டு மணி நேரம் நிற்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். நூற்றுப்பத்தில் ஒன்றரை நிமிடம்தான். வலிக்காது, ரத்தம் வராது. போன பிறகுதான் போனது தெரியும். போனது திரும்பாது.

நிக்கோலை நான் முதலில் பார்த்தது மூன்று வருடத்துக்கு முன்பு, லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மாடியில். கீழே பூக்கடை. மேலே நாற்பது பேர் நெருக்கி உட்காரலாம். அவள் பாட, பிரேம் கிட்டார், அதீஃப் டிரம்ஸ். குழுவின் பெயர் ‘லிஃப்ட் நிக்காத மாடி’. அவள் பகலில் பாலர் பள்ளி ஆசிரியை, அப்போது இருபத்தாறு வயது. எங்கள் பேட்டைக்காரி. பேட்டையைச் சுற்றி ஓடும் எல்ஆர்டி ரயில் பற்றி ஒரு பாட்டு வைத்திருந்தாள்: ‘என் ஸ்டேஷன் வந்திருச்சு, நான் எந்திரிக்கல.’ ஒரு பெண் இறங்காமல் ரயிலில் சுற்றிக்கொண்டே இருப்பாள், அவ்வளவுதான் பாட்டு. பாதியில் ஒலிபெருக்கி கீச்சிட்டது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் எழுந்து போய் ஒலி மிக்ஸரில் ஒரு குமிழைக் குறைத்தேன். சத்தம் நின்றது.

“அண்ணா, நீங்க சவுண்ட் ஆளா?” என்று மேடையிலிருந்தே கேட்டாள்.

“கோவில்ல பாத்துக்குறேன்” என்றேன்.

“அப்ப அடுத்த வாரமும் வந்திருங்க லா.”

போனேன். அதற்குப் பிறகு ஒரு நிகழ்ச்சியையும் விட்டதில்லை. பாடுகிறவர்கள் காதுக்குள் ஒரு சின்னக் கருவியை மாட்டிக்கொள்வார்கள், பார்த்திருப்பீர்கள். மேடையில் தங்கள் குரல் தங்களுக்கே கேட்காது என்பதற்காக. அதில் என்ன கேட்க வேண்டும், எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை மிக்ஸரில் உட்கார்ந்திருக்கும் ஆள் தீர்மானிப்பான். நிக்கோலுக்கு அந்த ஆள் நான். விரலை மேலே காட்டினால் கூட்டுவேன், கீழே காட்டினால் குறைப்பேன். இரண்டு வருடம் அப்படித்தான் போயிற்று. ஒரு குறையும் சொல்ல முடியாது.

எல்ஆர்டி பாட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. நான்கு நாள் விடிந்ததும் நிலையத்துக்குப் போய், கதவு மூடும்போது வரும் ஓசையைப் பதிவு செய்தேன். ஆள் பேச்சு விழாத ஒரு நல்ல பதிவு கிடைத்தது. பாட்டின் தொடக்கத்தில் அதைச் சேர்க்கலாம் என்று அவளிடம் கொடுத்தேன். “அய்யோ, தேங்க்ஸ் அண்ணா. அப்புறம் பாக்கலாம்” என்றாள். அதன்பிறகு நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மிக்ஸருக்குத் திரும்பினேன். அவள் மைக் திறந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

“நல்ல மனுஷன்தான்” என்று பிரேமிடம் சொன்னாள். “ஆனா அவருக்குப் பாட்டு புரியல லா. சத்தம் மட்டும்தான் கேக்குது. பாவம்.”

பிரேம் சிரித்தான். அவளும் சிரித்தாள். கெட்ட சிரிப்பில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் கோபப்படவில்லை. அன்று மூன்று மணி நிகழ்ச்சிக்கு ஒலி மிக நன்றாக இருந்தது என்று பலர் சொன்னார்கள்.

அடுத்த மாதம் பினாங்கில் நடக்கும் ஓர் இசை விழாவிலிருந்து அழைப்பு வந்தது. விழா எட்டு மாதம் கழித்து. நான் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். “அண்ணா, அங்க அவங்க ஆளே இருக்காங்களாம். நீங்க லீவ வேஸ்ட் பண்ணாதீங்க” என்றாள். அக்கறையாகத்தான் சொன்னாள்.

அந்தக் காதுக் கருவிக்கு லிமிட்டர் என்று ஒரு தடுப்பு உண்டு. எவ்வளவு கூட்டினாலும் சத்தம் ஓர் எல்லையைத் தாண்ட விடாது. அடுத்த ஞாயிறு அதை எடுத்துவிட்டேன்.

நான் எதையும் திடீரென்று செய்யவில்லை. திடீரென்று கூட்டினால் யாராக இருந்தாலும் கருவியைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். அவள் காதுக்குப் போகும் டிரம்ஸை அப்படியே விட்டுவிட்டு, அவள் குரலை மட்டும் ஒரு துளி குறைப்பேன். அவள் விரலை மேலே காட்டுவாள். நான் குரலோடு சேர்த்து எல்லாவற்றையும் கூட்டுவேன். இரண்டு பாட்டு கழித்து மறுபடியும் குரலைக் குறைப்பேன். மறுபடியும் விரல் மேலே போகும். ஒவ்வொரு முறையும் கேட்டது அவள்தான். கேட்ட அளவுதான் கொடுத்தேன். காது மந்தமாக மந்தமாக அவளே இன்னும் அதிகம் கேட்க ஆரம்பித்தாள். நான்காவது மாதம் நூற்றுப்பத்தைத் தொட்டோம். அவளுடைய பாட்டுகள் ஒவ்வொன்றும் நான்கு நிமிடம்.

ஒருநாள் ஒத்திகை முடிந்து தேக்காவில் உட்கார்ந்திருந்தோம். அவள் கரண்டியால் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

“காதுக்குள்ள கொசு மாதிரி கத்திட்டே இருக்குண்ணா. டாக்டர்கிட்ட போவணுமோ?”

“தூக்கம் பத்தல உனக்கு. எங்க ஆலையில பாதிப் பேருக்கு வரும். தானா போயிரும்.”

“நெஜமாவா?”

“இதுதானே என் வேலை” என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. அப்போதே போயிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும் என்று மருத்துவர் சொன்னாராமே. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். எனக்கும் அது தெரியும்.

பிறகு இன்னொரு நாள் சொன்னாள், வகுப்பில் பிள்ளைகள் பேசுவது தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது என்று. குழந்தைகளின் குரல் கீச்சுக் குரல். அந்த உயரத்து ஒலிகள்தான் முதலில் போகும். ஒரு குழந்தை கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று மூன்று தடவை கேட்டு, அவளுக்கு விளங்காமல், நின்ற இடத்திலேயே நனைத்துவிட்டதாம். அதைச் சொல்லும்போது அழுதாள். நான் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் இப்போதெல்லாம் சரியாகப் பேசுவதே இல்லை என்று சொன்னேன்.

என் வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று கேட்டால் அந்த மாதங்களைத்தான் சொல்வேன். அதற்கு முன்பு பாடி முடித்ததும் அவள் கூட்டத்தைப் பார்ப்பாள். இப்போது என்னைப் பார்த்தாள். சுதி நின்றதா என்று அவளுக்கே தெரியவில்லை. நான் கட்டைவிரலை உயர்த்தினால்தான் அடுத்த பாட்டுக்குப் போனாள். மேடையிலிருந்து இறங்கும்போது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, “ஓகேவாண்ணா? உண்மைய சொல்லுங்க” என்பாள். ஓகே என்பேன்.

வளைகுடா ஓரத்து மேடை நிகழ்ச்சி ஏழாவது மாதம். ஞாயிறு மாலை ஐந்து மணி, நல்ல வெயில். படிக்கட்டு நிறையக் கூட்டம். பினாங்கு விழாவிலிருந்து இருவர் பார்க்க வந்திருந்தார்கள், அது எனக்குத் தெரியும். முதல் வரியிலேயே அவள் குரல் சுதியிலிருந்து இறங்கிவிட்டது. இறங்கியது ஏறவில்லை. பிரேம் திரும்பித் திரும்பி அவளைப் பார்த்தான். முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் சில பேர் கைப்பேசியை எடுத்துப் படம்பிடித்தார்கள். சிரிப்பு அவளுக்குக் கேட்காது, அது ஒரு வசதி. பாட்டு முடிந்து அவள் என்னைப் பார்த்தாள். கட்டைவிரலை உயர்த்தினேன். அவள் முகம் மலர்ந்தது. அப்படியே நாற்பது நிமிடம், ஒன்பது பாட்டு. ஒன்பது முறையும் உயர்த்தினேன். கடைசிப் பாட்டு எல்ஆர்டி பாட்டு. அதைக் கண்ணை மூடிக்கொண்டு, முழு மனதோடு பாடினாள்.

அந்தக் காணொளியை எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். பினாங்குக்காரர்கள் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பி அழைப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவள் காணொளியை முதலில் பார்த்தபோது யாரோ அவளைக் கேலி செய்ய ஒலியை மாற்றிவிட்டதாக நினைத்தாளாம். என்னிடம்தான் கேட்டாள். ஆமாம், மாற்றியிருக்கிறார்கள் என்றேன். நம்பினாள்.

கண்டுபிடித்தது அதீஃப். அதற்கடுத்த ஒத்திகையில் அவளுடைய காதுக் கருவியும் அவனுடையதும் ஒரே மேசையில் கிடந்தன. அவன் தவறுதலாக அவளுடையதை எடுத்து மாட்டிக்கொண்டு டிரம்ஸில் ஒரு அடி அடித்தான். குச்சியைப் போட்டுவிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான். பிரேம் ஓடிவந்து மிக்ஸரைப் பார்த்தான். எண்கள் அப்படியே இருந்தன. நான் அழிக்கவில்லை. ஆலையிலும் நான் எந்தப் பதிவையும் அழித்ததில்லை.

“அண்ணே, இது என்ன லெவல்?” என்றான் பிரேம்.

“அவ கேட்டது” என்றேன்.

“லிமிட்டர் எங்க? யார் எடுத்தா?”

அதீஃப் உட்கார்ந்த இடத்திலேயே நிக்கோலைப் பார்த்து ஏதோ சொன்னான். அவள் “என்ன? என்ன?” என்று ஒவ்வொருவர் வாயாகப் பார்த்தாள். கடைசியில் பிரேம் கைப்பேசியில் எழுதிக் காட்டினான். அவள் அதை மெதுவாக வாசித்தாள். இன்னொரு முறை வாசித்தாள். பிறகு நேராக என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

“தெரியாம நடந்துச்சாண்ணா?” என்று கேட்டாள். தன் குரலின் அளவு தெரியாததால் மிக உரக்கக் கேட்டாள். கீழே பூக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

கேட்டதற்கு நான் பதிலே சொல்லாமல் நின்றேன் என்று பிரேமும் அதீஃப்பும் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது சரியில்லை, திருத்திக்கொள்ளுங்கள். நான் பதில் சொன்னேன். “இல்ல நிக்கோல், தெரிஞ்சேதான் செஞ்சேன்” என்று சொன்னேன். அவள் குனிந்து தன் இடது காதை என் பக்கமாகக் கொண்டுவந்து, “ஆ?” என்றாள். நான் குரலை உயர்த்தாமல் அதையே இன்னொரு முறையும் சொன்னேன். நான் எப்போதுமே மெதுவாகப் பேசுகிறவன். அவளுக்குக் கேட்கவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?