காற்றைக் கடைந்த இயந்திரத்துக்கு ஒரு பிரியாவிடை

எடைக்கு எடுக்க வந்த இடத்தில் தலைமை தாங்க நேர்ந்துவிட்ட பழைய இரும்புக் கடை உரிமையாளர் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து, மேடையைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா இல்லையா என்ற கவலையிலும் முகமலர்ச்சி குறையாத தாய்மார்களே! அவர்களில் மூத்தவரும், என்னை இந்த மேடையில் ஏற்றிய குற்றத்தில் என் கணவரோடு சரிபாதிப் பங்குள்ளவருமான என் மாமியார் அவர்களே! வாசலில் இன்ஜினை அணைக்காமல் காத்திருக்கும் லாரி ஓட்டுநர் அவர்களே! இவர்கள் எல்லோருக்கும் மேலாக, எனக்குப் பின்னால் நிற்கும் இன்றைய விழா நாயகனே, கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரமே! அனைவருக்கும் என் வணக்கம்.

நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவள். வகுப்பிலேயே தேவைக்கு மேல் பேசாதவள். அலங்காரப் பேச்சில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் இன்று நீளமாகத்தான் பேசப் போகிறேன். காரணத்தை மறைக்க மாட்டேன். நான் பேச்சை முடித்ததும் இந்த இயந்திரம் லாரியில் ஏறும். முடிப்பதற்குள் இது ஒரே ஒரு இரும்புச் சுருளைச் சீவித் தரையில் தள்ளிவிட்டால் ஏறாது. இது தலைவர் அவர்களின் தீர்ப்பு. ஆகவே என் பேச்சின் நீளம்தான் இதன் ஆயுளின் நீளம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பாருங்கள் ஐயா, பாருங்கள். நான் இன்னும் தொடங்கவே இல்லை.

இயந்திரத்துக்கு எதற்கு விழா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "இவ்வளவு வருஷம் சோறு போட்ட மெஷினைக் குப்பை மாதிரி லாரியில தூக்கிப் போடறதா? மைக் வச்சு, மேடை போட்டு மரியாதையா அனுப்பலாம்" என்றார் என் கணவர்.

"மெஷினுக்கா?"

"ஏன், போன மாசம் உன் காலேஜ்ல ஒரு பிரின்சிபாலுக்கு வைக்கலையா? அவர் என்னத்தைக் கடைஞ்சார்?"

மேடையும் வந்தது, மைக்கும் வந்தது, நீங்களும் வந்தீர்கள்.

இந்தப் பட்டறை என் கணவருக்கும் அவர் தங்கைக்கும் பொது. இந்த இயந்திரத்தை இயக்குபவள் அந்தத் தங்கை, என் நாத்தனார். இதைக் கேட்கும் காதுகள் அவளுடையவை. சத்தத்தைக் கேட்டே எங்கே எண்ணெய் வற்றியது என்று சொல்வாள். இது போய்விட்டால் இதன் இடத்தில் என்ன வரும் தெரியுமா? வாடகை நாற்காலிகள்! ஆம், நீங்கள் அமர்ந்திருக்கும் இதே நாற்காலிகள்! என் கணவரின் புதிய தொழில். அவற்றை எண்ணி அனுப்பி, எண்ணி வாங்கி, துடைத்து அடுக்கும் வேலை என் நாத்தனாருக்கு. உலோகத்தோடு பேசிய கை, பிளாஸ்டிக்கைத் துடைப்பதா? மயிரிழை அளவுக்குக் கணக்குப் பார்த்த கண், கால் உடைந்த நாற்காலி எது என்று பார்ப்பதா? சொல்லுங்கள், இது முறையா? கைதட்டாதீர்கள், உட்கார்ந்தபடி ஆடாதீர்கள், அந்த நாற்காலிகள் அவ்வளவு உறுதியானவை அல்ல.

இந்த இயந்திரத்தின் உடலில் ஒரு குறையும் இல்லை. மோட்டார்கள் நலம். மூளைதான் போய்விட்டது. கன்ட்ரோலர் என்று ஒரு பெட்டி. அதன் பேட்டரி ஒரு நாள் செத்தது. செத்ததும், தான் யார், தனக்கு எத்தனை கை, எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று அனைத்தையும் மறந்துவிட்டது. என் நாத்தனார் அதைச் செய்த நிறுவனத்தோடு தொலைபேசியில் பேசினாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அந்த மாடலா? அதைச் செஞ்சவங்களே ரிட்டயர் ஆயிட்டாங்கம்மா."

"பரவாயில்லை சார். உள்ளே என்ன இருக்குன்னு ஒரு படமாவது அனுப்புங்க, நானே பார்த்துக்கறேன்."

"அது ரகசியம்மா."

"யாருக்கு சார் தெரியும் அந்த ரகசியம்?"

"இப்ப யாருக்குமே தெரியாது. அதான் சொல்றேனே, ரகசியம்னு."

என்ன அற்புதம்! என்ன ஆழம்! காப்பவனுக்கே தெரியாத ரகசியத்தைக் காத்துக்கொண்டிருந்தது அந்த நிறுவனம்!

என் நாத்தனார் அழவில்லை. பெட்டியைக் கழற்றி மூலையில் வைத்தாள். "அண்ணி, உங்க காலேஜ்ல தூக்கிப் போட்ட கம்ப்யூட்டர் ஏதாவது கிடைக்குமா?" என்றாள். கிடைத்தது. தேர்வு மண்டபத்திலிருந்து ஓய்வு பெற்ற கணினி. அதில் ஒரு மென்பொருளை ஏற்றினாள். யாருக்கும் சொந்தமில்லாதது, அதனாலேயே எல்லோருக்கும் சொந்தமானது. முகம் தெரியாத பலர், பல ஊர்களில் இருந்துகொண்டு எழுதியது. உள்ளே என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். நான் நம்பவில்லை. "காசு வாங்காம எவனாவது மெஷினுக்கு மூளை கொடுப்பானா?" என்று கேட்டேன். அவள் ஒயரைப் பல்லால் கடித்து உரித்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை அது எழுந்தது. முதலில், என் கணவர் கட்டியிருந்த இந்தச் சிவப்பு ரிப்பன் சுழலும் பாகத்தில் சிக்கிவிடும் என்று என் நாத்தனார் கத்தரியால் வெட்டினாள். வெட்டியதும், முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்த நீங்கள் கைதட்டினீர்கள். பிரியாவிடைக் கூட்டம் அந்தக் கணமே திறப்பு விழா ஆகிவிட்டது. என் கணவர் இன்னும் குழப்பத்தில் இருக்கிறார். அதோ, தூணுக்குப் பக்கத்தில்.

பிறகு இயந்திரம் ஓடியது. இரும்புத் தண்டு சுழன்றது. வெட்டும் உளி முன்னே வந்தது, பின்னே போனது, வளைந்தது, நிமிர்ந்தது. பழைய வேலை ஒன்றின் கட்டளைகளை ஒன்று விடாமல் செய்து முடித்தது. எல்லாம் செய்தது, இரும்பைத் தொடுவதைத் தவிர! தண்டிலிருந்து தள்ளி நின்றே, வெறும் காற்றைக் கடைந்து கடைந்து, ஒரு முழு உருப்படியைக் காற்றிலேயே செய்து முடித்து, வேலை முடிந்தது என்று விளக்கும் எரித்தது!

எனக்கு மட்டும் அது பழகிய காட்சியாக இருந்தது. எத்தனையோ மேடைகளில் பார்த்திருக்கிறேன்.

"ஓடுதே!" என்றாள் என் நாத்தனார். "எங்கம்மா ஓடுது? சும்மா ஆடுது" என்றார் தலைவர். அவர் தொழிலில் ஒரு நெறி உண்டு: ஓடுகிற பொருளை எடைக்கு எடுக்க மாட்டார். "சுருள் விழணும். விழுந்தா அது மெஷின், நான் தொட மாட்டேன். விழலேன்னா எடை. உங்க அண்ணி பேசி முடிக்கிற வரைக்கும் டைம்" என்றார்.

என்னம்மா? இன்னும் கொஞ்சம் இழுக்கவா? கணினியில் தவற்றைத் தேடிக்கொண்டிருக்கும் என் நாத்தனார் கையை அகலமாக விரிக்கிறாள். இழுக்கிறேன்.

அந்த உளியின் பண்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். காலையில் என் நாத்தனார் மெலிந்த தண்டைப் பொருத்தி, அதற்குரிய பழைய கட்டளைகளைக் கொடுத்தாள். அதனிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்றது. தடித்த தண்டைப் பொருத்தி, அதற்குரிய கட்டளைகளைக் கொடுத்தாள். நிறையத் தள்ளி நின்றது. ஆளின் பருமனுக்கு ஏற்ற மரியாதை! இதை இயந்திரத்துக்கு யார் கற்றுத் தந்தது? எந்த மேடையில் இது பொன்னாடை போடப் பழகியது?

என்ன? "திரும்பச் சொல்லுங்க அண்ணி" என்கிறாளா? நீங்களும் ஏன் "திரும்பச் சொல்லுங்க, திரும்பச் சொல்லுங்க" என்று கத்துகிறீர்கள்? அவள் ரசித்துக் கேட்கவில்லை ஐயா! சரி, சொல்கிறேன். மெலிந்த தண்டுக்குக் கொஞ்சம் தூரம். தடித்த தண்டுக்கு நிறையத் தூரம். எவ்வளவு தூரமா? தண்டு எவ்வளவு தடிமனோ, ஏறக்குறைய அதில் பாதி.

பாதி!

அவளே கத்துகிறாள், கேளுங்கள்: "அண்ணி, பழைய கட்டளையெல்லாம் விட்டத்துல சொல்லுது! இது ஆரம்னு எடுத்துக்குது!"

தாய்மார்களே, விளங்கும்படி சொல்கிறேன். வட்டத்தின் குறுக்கே முழு அளவு விட்டம். நடுவிலிருந்து விளிம்பு வரை ஆரம், அதாவது பாதி. நாற்பது மில்லிமீட்டர் தடிமனுக்குக் கடை என்று பழைய கட்டளை சொன்னால், புதிய மென்பொருள், நடுவிலிருந்தே நாற்பது தள்ளி நிற்கச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, பணிவோடு தள்ளி நின்றிருக்கிறது! ஒரே ஒரு வரி போதும். விட்டம் என்று ஒரு வரி. தட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவள் தட்டும் அந்தத் திரையைப் பாருங்கள். அதன் நெற்றியில் தேர்வு மண்டபத்து ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருக்கிறது: "பார்த்து எழுதாதீர்கள்". நானே ஒட்டியது! அதற்குக் கீழே ஓடும் மென்பொருளோ, பார்த்து எழுது, திருத்தி எழுது, எழுதியதை அடுத்தவருக்கும் காட்டு என்ற கொள்கையில் வளர்ந்தது. திறந்திருந்ததால் அவள் உள்ளே போனாள்! திறந்திருந்ததால் தவற்றைக் கண்டாள்! திறந்திருந்ததால் யாரிடமும் கெஞ்சாமல், எந்த அலுவலகத்திலும் காத்து நிற்காமல், தன் கையாலேயே திருத்துகிறாள்! பூட்டிய பெட்டியில் தவறு நேர்ந்தால் அது நம் தலைவிதி. திறந்த பெட்டியில் தவறு நேர்ந்தால் அது நம் வேலை! நண்பர்களே, நான் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. ஆனாலும் சொல்கிறேன், எந்த அறிவு தன்னைத் திறந்து வைக்கிறதோ, எந்த அறிவு என்னைச் சோதித்துப் பார் என்று அழைக்கிறதோ, அந்த அறிவுதான் நாளைக்கு...

அது என்ன சத்தம்?

தலைவர் இறங்கிப் போகிறார். குனிகிறார். எடுக்கிறார். "ஐயோ, சுடுது!"

சுடுகிறதாம்! காற்றைக் கடைந்தால் சுடாது தலைவர் அவர்களே!

நீலம் பாய்ந்த, சுருண்ட, இரும்புச் சுருள். என் நாத்தனார் அதைப் பார்க்கவில்லை. காதை இயந்திரத்தின் பக்கம் சாய்த்து நிற்கிறாள். எண்ணெய் எங்கே வற்றியது என்று கேட்கிறாள்.

"மெஷின்தாம்மா. எடை இல்ல" என்கிறார் தலைவர், விரலை ஊதியபடி. லாரி வெறுமனே திரும்பக் கூடாதே என்றும் கவலைப்படுகிறார். நியாயம்தான். மூலையில் அந்தப் பழைய கன்ட்ரோலர் பெட்டி இருக்கிறது, எடுத்துப் போகட்டும். உள்ளே இருக்கும் ரகசியத்தையும் சேர்த்தே எடை போடலாம்.

ஆகவே இது பிரியாவிடைக் கூட்டம்தான்; விடைபெறுகிறவர் மட்டும் மாறிவிட்டார். ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டேன். அது பாதியிலேயே இருக்கட்டும். இனி நான் பேச அவசியமில்லை. பொறுமை காத்த உங்களுக்கும், விரல் சுட்டுக்கொண்ட தலைவருக்கும் நன்றி. போகும்போது அவரவர் நாற்காலியை என் கணவரிடம் எண்ணி ஒப்படையுங்கள். என் நாத்தனாருக்கு வேலை இருக்கிறது.

வணக்கம்.