ஹாலுக்குள் காய்ந்த ஈரத்துணி

சரி, இங்க பேச்சக் கொஞ்சம் நிப்பாட்டுறேன். உங்களுக்கு ஒரு சின்னக் கதை சொல்லணும். முன்வரிசை அப்பாமாருங்களே, போனை உள்ள வைங்க. பின்னாடி குழந்தையோட நிக்கிற அம்மாமாரே, நீங்க மொதல்ல உட்காருங்க. யாராச்சும் எழுந்து நாற்காலி குடுங்கப்பா!

ஈரோடு பக்கம் சுகந்தின்னு ஒரு பொண்ணு. தலைப்பிரசவம் முடிஞ்சு, அம்மா வீட்டுல இருந்து கைக்குழந்தையோட புருஷன் வீட்டுக்கு வந்திருக்கா. வீட்டுக்கு மேலயே மொட்டை மாடி. சித்திரை வெயில் கொளுத்துது. இவ என்ன பண்றா? துவைச்ச துணியெல்லாம் ஹாலுக்குள்ளயே கொடி கட்டிக் காயப்போடுறா! சோபா மேல ஈரச்சேலை, கதவு மேல குழந்தைத் துணி... வீடு பூரா ஈர வாடை. மாமியார் ராஜாமணிக்குப் பொறுக்குமா?

"நாலு படி ஏறினா மாடி. அதுக்குக்கூட ஒடம்பு வணங்கலியா கண்ணு உனக்கு?"

புருஷன் லோகநாதன் சிரிச்சுக்கிட்டே, "விடும்மா, மகாராணிக்கு வெயில் ஆகாது!"

சுகந்தி? சோத்தைப் பெசஞ்சு பெசஞ்சு அப்படியே வச்சிருவா. அவ்வளவுதான்.

குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன எடத்துல, நர்ஸ் அவ மொகத்தப் பாத்தாங்க. "ஊசி போட்டாச்சு. அம்மாவ அந்த ரூம்ல டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போங்க." மனநல டாக்டர், நஸ்ரின்னு பேரு.

நம்ம ஊர்ல டாக்டரப் பாக்க ஒத்தையாவா போவோம்? மொத்தக் குடும்பமும் உள்ள நுழைஞ்சிருச்சு.

"சுகந்தி, தூக்கம் வருதாம்மா?"

லோகநாதன் சொல்றான், "நல்லாத் தூங்குறா மேடம்."

"பசிக்குதா?"

ராஜாமணி சொல்றாங்க, "நேரத்துக்குப் போட்டுருவேனுங்க."

"மனசுக்கு என்ன பண்ணுது?"

ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்றாங்க, "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க! கொஞ்சம் சோம்பல். மாடிப்பக்கமே போகமாட்டா."

கவனிச்சீங்களா? கேள்வி யாருக்கு? பதில் யார்கிட்ட இருந்து வருது?

டாக்டர் பேனாவக் கீழ வச்சாங்க. "நீங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க."

"நான் புருஷன் மேடம்!"

"தெரியுது. வெளிய இருங்க."

கதவு சாத்தியாச்சு. வெளிய குழந்தை ஊசி வலியில வீல்னு கத்துது. லோகநாதன் தோள்ல போட்டு ஆட்டுறான், அடங்கல. உள்ள... ஒரு சத்தமும் இல்ல. இவனுக்கு வேர்த்துக் கொட்டுது. கதவத் தட்டக் கை ஓங்கிட்டான்...

உள்ள டாக்டர் மெதுவாக் கேட்டாங்க. "மாடிக்கு ஏம்மா போறதில்ல?"

சுகந்தி சேலைத் தலைப்ப முறுக்குறா.

"மேல போனா... குதிச்சிருன்னு மனசு சொல்லுதுங்க. குழந்தை இடுப்புல இருந்தாலும் சொல்லுது. எனக்கு எம்மேலயே பயம் டாக்டர். அதான்... நான் ஏறவே இல்ல."

டாக்டர் அவ கையப் புடிச்சுக்கிட்டாங்க. "நீ கெட்ட அம்மா இல்ல. பிரசவத்துக்கப்புறம் சில பேருக்கு வர்ற நோவு இது. வைத்தியம் இருக்கு. பேசலாம், மாத்திரை இருக்கு, சரியாயிரும். ஆனா இப்போதைக்கு நீ தனியா இருக்கக் கூடாது. அவர்கிட்ட சொல்லட்டுமா?"

அவ தலையாட்டின பிறகுதான் கதவு தொறந்துச்சு. விஷயத்தக் கேட்டு லோகநாதன் அப்படியே உட்கார்ந்துட்டான். "ஏன் சுகந்தி... எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எங்கீங்க கேட்டீங்க? சிரிக்கத்தான செஞ்சீங்க."

...

ஐயா, சோம்பேறின்னு சொன்னாங்களே அவள... அந்த ஹாலுக்குள்ள காஞ்ச ஒவ்வொரு துணியும், அவ தன் குழந்தையக் காப்பாத்தினதுக்குச் சாட்சி. வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சு.

இன்னிக்கு வீட்டுக்குப் போயி, "எப்படி இருக்க?"ன்னு குழந்தை பெத்த உங்க வீட்டுக்காரம்மாவக் கேளுங்க. கேட்டுட்டு... வாய மூடிக்கிட்டு இருங்க. பதிலை அவங்க சொல்லட்டும். கயிறு கட்டலாம், கண்ணு பட்டிருச்சுன்னு தள்ளிப்போடாதீங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. போயி... நீங்க வெளிய உட்காருங்க.

குழந்தை உங்க தோள்ல இருக்கட்டும்.