இரண்டாவது முடிவுக்கு ஒரு சொட்டு

மச்சான்: அந்த பிஸ்கட்டை மோந்து பார்க்காதீங்க மாமா. யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?

மெக்கானிக்: சும்மா கொடுக்கிறானே, அதான் பார்க்கிறேன். படம் சும்மா, டீ சும்மா, உட்கார சோபா வேற. இவ்வளவு சும்மா கொடுக்கிறவன் என்கிட்ட எதையோ உருவப் போறான்.

மச்சான்: உங்ககிட்ட உருவ என்ன இருக்கு? வேலையை விட்டு வந்த லிஃப்ட் மெக்கானிக். சொந்தம்னு சொல்ல முழங்கால் வலி ஒண்ணுதான்.

மெக்கானிக்: அதை எடுத்துக்கிட்டா நல்லாத்தான் இருக்கும்.

மச்சான்: அபிப்பிராயம் கேட்பாங்க, அவ்வளவுதான். படம் வெளியாகுறதுக்கு முன்னாடி, தெருவில போறவங்களைக் கூப்பிட்டு உட்கார வெச்சுப் போட்டுக் காட்டுவாங்க. எந்த முடிவு பிடிச்சிருக்குன்னு கேட்டு, அதை வெச்சுக்குவாங்க. பெரிய கம்பெனின்னா இப்படித்தான்.

மெக்கானிக்: எடுத்தவ ஒருத்தி. முடிவு சொல்றவன் தெருவில போறவனா?

மச்சான்: போட்ட பணம் திரும்பி வர வேண்டாமா?

மெக்கானிக்: நானும் சம்பளத்துக்குத்தான் லிஃப்ட் பார்த்தேன். மூணாவது மாடிக்குப் போறவனை, அஞ்சாவது மாடியில காத்து நல்லா வருதுன்னு சொல்லி அங்கே கொண்டு போய் இறக்கி விட்டதில்லையே.

மச்சான்: ஷ்ஷ்... இதையெல்லாம் அந்தப் பொண்ணு வந்து கேட்கும்போது சொல்லுங்க. ஆனா 'என் மக'ன்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க. டைரக்டரோட சொந்தக்காரங்க யாரும் இருக்கக் கூடாதுன்னு வாசல்லயே சொன்னாங்க. தெரிஞ்சா நம்ம ரெண்டு ஓட்டும் போச்சு.

மெக்கானிக்: எனக்குச் சொல்லு நீ! படம் ஓடும்போது, 'எங்க பாப்பா எப்படி எடுத்திருக்கா பாரு'ன்னு பக்கத்து சீட்டுக்காரன் தொடையில தட்டினது யாரு?

மச்சான்: இருட்டுல நீங்கன்னு நினைச்சுட்டேன்.

மெக்கானிக்: அவன் உன்னைப் பார்த்த பார்வையில படமே ரெண்டு நிமிஷம் நின்னுடுச்சு... பாப்பா போன்ல என்னதான் சொன்னா? இன்னொரு தடவை சொல்லு.

மச்சான்: எத்தனை தடவைதான் சொல்றது... 'மாமா, நான் எடுத்த முடிவு ஒண்ணு, கம்பெனி எடுக்க வெச்ச முடிவு ஒண்ணு. அவங்களோடது ஜெயிச்சா என்னோடதை வெட்டித் தூக்கிப் போட்டுடுவாங்க. அப்புறம் அது என் படமே இல்லை'ன்னா. அழுதிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். சிரிச்சா மாமா.

மெக்கானிக்: ம்... நாம வந்திருக்கிறது அவளுக்குத் தெரியாதே?

மச்சான்: சத்தியமாத் தெரியாது. கடைத்தெருவில அழைப்புச் சீட்டைக் கொடுத்துக்கிட்டிருந்தாங்க. ஒரு தடவை தொப்பியோட போனேன், ஒரு தடவை தொப்பி இல்லாம போனேன்.

மெக்கானிக்: அடப்பாவி.

மச்சான்: வர்றாங்க... பிஸ்கட்டைக் கீழே வைங்க.

கம்பெனிப் பெண்: வணக்கம் ஐயா, வணக்கம் சார். ரொம்பக் காக்க வெச்சுட்டேன். எல்லாரையும் கேட்டு முடிச்சாச்சு, நீங்க ரெண்டு பேர்தான் பாக்கி. உண்மையைச் சொன்னா ரெண்டு முடிவும் ஏறக்குறைய சமமா நிக்குது. அதனால நிதானமாப் பேசலாம். டைரக்டரை உங்களுக்குத் தெரியுமா?

மச்சான்: தெரியாது.

மெக்கானிக்: யாரு அது?

கம்பெனிப் பெண்: படத்துலயே பேர் போட்டோமே ஐயா...

மெக்கானிக்: எழுத்து வந்தா நான் கண்ணை மூடிக்குவேன். அது பாட்டுக்குப் போகட்டும்னு.

கம்பெனிப் பெண்: சரி... ரெண்டு முடிவும் ஞாபகம் இருக்கில்ல? முதல் முடிவுல பொண்ணு சினிமா படிக்க வெளியூர் கிளம்புறா. தையல்கார அப்பாவுக்குப் பிடிக்கலை. பஸ்ல உட்கார்ந்து அவர் வருவாரான்னு பார்க்கிறா. வரலை. பக்கத்து சீட்ல வெச்சிருந்த பையை எடுத்து மடியில வெச்சுக்கிறா. படம் முடியுது. ரெண்டாவதுல, அப்பா மழையில வெறுங்காலோட ஓடி வந்து...

மெக்கானிக்: பஸ்ஸையே முந்துறான்.

கம்பெனிப் பெண்: முந்தி, கையைக் காட்டி நிறுத்தி, பொண்ணைக் கட்டிப் பிடிச்சு...

மெக்கானிக்: பாட்டு.

கம்பெனிப் பெண்: ஆமா, பாட்டு.

மெக்கானிக்: ஏம்மா, அவன் தையல்காரன்தானே? வாழ்நாள் பூரா உட்கார்ந்து மெஷின் மிதிச்சவன். அந்தத் தோளையும் கையையும் பாரு. ஊசியில நூல் கோக்கச் சொன்னா ஊசி வளைஞ்சிடும்.

கம்பெனிப் பெண்: அவர் பெரிய ஹீரோ ஐயா. அவர் இருந்தாத்தான் நிறைய தியேட்டர் கிடைக்கும்.

மெக்கானிக்: சரி, தியேட்டர் கிடைக்கட்டும். அதுக்காக பஸ்ஸை முந்தணுமா?

கம்பெனிப் பெண்: அவரை பஸ்ஸுக்குப் பின்னாடி விட்டா அவர் ரசிகர்கள் ஒத்துக்க மாட்டாங்க.

மச்சான்: அது நியாயம்தான் மாமா. நான்கூட ஒத்துக்க மாட்டேன்.

மெக்கானிக்: நீ யார் பக்கம்டா?

மச்சான்: பொதுவாச் சொன்னேன். நான் டிக்கெட் எடுத்துப் போறது சிரிச்சுக்கிட்டு வீட்டுக்கு வர்றதுக்கு. மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தா உங்க தங்கச்சி, 'யார்கிட்ட அடி வாங்கினே'ன்னு கேட்கிறா.

மெக்கானிக்: அந்த வெறுங்கால் எதுக்கும்மா? தையல்காரன் வீட்டுல செருப்புகூடவா இல்லை?

கம்பெனிப் பெண்: அது கம்பெனி மீட்டிங்ல வந்த யோசனை. செருப்போட ஓடுறமாதிரி முதல்ல எடுத்தோம். பார்த்தவங்க யாரும் அசையலை. வெறுங்காலோட வந்து நின்னா எப்பேர்ப்பட்ட மனசும் இளகும்னு ஒருத்தர் சொன்னார்.

மச்சான்: எங்க மாமாவும் ஒரு தடவை வெறுங்காலோட வீட்டுக்கு வந்தார்ம்மா. லிஃப்ட் குழிக்குள்ள செருப்பு விழுந்துடுச்சுன்னார். எங்க அக்கா மனசு எங்கே இளகிச்சு? அன்னிக்கு முழுக்க வாங்கிக் கட்டிக்கிட்டார்.

மெக்கானிக்: கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுடா.

கம்பெனிப் பெண்: சரி, உங்களுக்கு எந்த முடிவு?

மெக்கானிக்: முதல் முடிவு.

மச்சான்: எனக்கும் முதல்.

கம்பெனிப் பெண்: அதுலதான் சின்னச் சிக்கல்... ரெண்டு பேரும் கோவிச்சுக்கக் கூடாது. சார், முதல் முடிவு ஓடும்போது நீங்க தூங்கிட்டீங்க.

மச்சான்: யாரு சொன்னது?

கம்பெனிப் பெண்: திரைக்கு மேல ஒரு கேமரா இருக்கு சார். இருட்டுலயும் முகம் தெரியும். யார் எங்கே சிரிக்கிறாங்க, எங்கே கொட்டாவி விடுறாங்கன்னு பார்த்துக் கணக்கெடுக்கும். வாசல்ல சம்மதக் கையெழுத்து வாங்கினோமே?

மெக்கானிக்: எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருந்துச்சு. நான் சொல்லலை? உருவப் போறான்னு சொன்னேனா இல்லையா? மூஞ்சியை உருவிட்டான்!

கம்பெனிப் பெண்: ஐயா... ரெண்டாவது முடிவுல நீங்க அழுதிருக்கீங்க.

மெக்கானிக்: யாரு, நானா?

கம்பெனிப் பெண்: இதோ, படமே இருக்கு பாருங்க.

மச்சான்: மாமா! நீங்களா இது?

மெக்கானிக்: அது... பக்கத்து சீட்டுக்காரனா இருக்கும்.

மச்சான்: உங்க மூக்குத்தான். அந்த மூக்கு வேற யார்கிட்ட இருக்கு?

கம்பெனிப் பெண்: வாய் சொல்றதை விட முகம் காட்டுறதைத்தான் கம்பெனி நம்பும். ஒருத்தர் அழுதா, அந்த முடிவு அவரைத் தொட்டுடுச்சுன்னு கணக்கு. இப்படியே விட்டா உங்க ஓட்டு ரெண்டாவதுக்குப் போயிடும் ஐயா.

மெக்கானிக்: அதெப்படி? வெங்காயம் நறுக்கினாக்கூடத்தான் கண்ணுல தண்ணி வருது. அதுக்காக வெங்காயத்துக்கு மாலை போடுவியா?

கம்பெனிப் பெண்: ஐயா...

மெக்கானிக்: இரு, சொல்லி முடிச்சிடுறேன். மழையைக் கொட்டி, பாட்டைப் போட்டு, ஒரு கிழவனை ஓட விட்டா எவனுக்கும் கண்ணு கலங்கும். கிச்சுக்கிச்சு மூட்டினா சிரிப்பு வர்ற மாதிரி. வெளியே வந்து டீயைக் குடிச்சா அது போயிடும். பாரு, போயிடுச்சு. ஆனா அந்த முதல் முடிவு... அவ அந்தப் பையை எடுத்து மடியில வைக்கிறாளே... அப்பனுக்காக இவ்வளவு நேரம் பிடிச்சு வெச்சிருந்த இடம்மா அது. இனி வர மாட்டான்னு அவளே முடிவு பண்ணி, அந்த இடத்தைக் காலி பண்றா. எனக்கு ஒரு சொட்டுத் தண்ணி வரலை. ஆனா இங்கே, நெஞ்சுல, இன்னும் அடைச்சுக்கிட்டு நிக்குது. இதை உன் கேமரா பார்த்துச்சா?

கம்பெனிப் பெண்: ...இல்லை ஐயா. அது பார்க்காது.

மச்சான்: நானும் தூங்கலை. கண்ணை மூடி அனுபவிச்சேன்.

மெக்கானிக்: குறட்டை விட்டு அனுபவிச்சான்.

கம்பெனிப் பெண்: எனக்கும் முதல் முடிவுதான் பிடிச்சுது ஐயா. ஆனா என்னை யாரும் கேட்க மாட்டாங்க. டைரக்டர் மேடம் இதுக்காக எங்க முதலாளிகிட்ட மேசையைத் தட்டிச் சண்டை போட்டாங்க. அவங்க சொந்தக் கதையாம். அவங்க கிளம்பின அன்னிக்கு, நிஜமாவே அவங்க அப்பா பஸ் நிலையத்துக்கு வரலையாம். 'வராத மனுஷனை வந்ததாக் காட்டச் சொல்றீங்களே'ன்னு கேட்டாங்க.

மச்சான்: மாமா, இன்னொரு பிஸ்கட் எடுத்துக்குங்களேன்...

கம்பெனிப் பெண்: ஐயா, ஒண்ணு கேட்கிறேன். கண்ணுல கோளாறு இருக்கிறவங்க கண்ணீரைக் கணக்குல சேர்க்க வேண்டாம்னு ஒரு விதி இருக்கு. உங்களுக்கு அந்த மாதிரி... புரை, கிரை ஏதாவது...?

மச்சான்: அதெல்லாம் எதுவும் இல்லைம்மா, பருந்து மாதிரிப் பார்ப்பார்... ஆ! காலை ஏன் மிதிக்கிறீங்க?

மெக்கானிக்: இருக்கும்மா. ரெண்டு கண்ணுலயும் இருக்கு.

மச்சான்: இருக்கு இருக்கு. மறந்துட்டேன். சுவரைத் தடவிக்கிட்டுத்தான் நடப்பார்.

கம்பெனிப் பெண்: போதும் சார், அவ்வளவு வேண்டாம். ஐயா கண்ணீரை எடுத்துட்டேன். வாயால சொன்னது நிக்கும். உங்க தூக்கத்தை என்னால எடுக்க முடியாது சார், உங்க ஓட்டு சேராது.

மச்சான்: போகட்டும். அப்ப கணக்கு என்னாச்சு?

கம்பெனிப் பெண்: மயிரிழையில முதல் முடிவு மேல நிக்குது. நாளைக்கு முதலாளி என்ன சொல்வாரோ, அது வேற. ஆனா நான் கொடுக்கப் போற கணக்கு இதுதான். போயிட்டு வாங்க ஐயா. லிஃப்ட் அந்தப் பக்கம் இருக்கு.

மெக்கானிக்: நீ நல்லா இரும்மா... டேய், அந்தப் பக்கம் இல்லை. படியில வா.

மச்சான்: முழங்கால் வலிக்காரர் பேசுற பேச்சா இது? லிஃப்ட் இருக்கும்போது?

மெக்கானிக்: அது முனகுது. வரும்போதே கேட்டேன். வா பேசாம.

மச்சான்: மாமா... உங்களுக்குப் பெரிய மனசு. ஊரே பார்க்கப் போற படத்துல அந்த வராத அப்பன் நீங்கதான்னு தெரிஞ்சும், அதுக்கே ஓட்டுப் போட்டீங்களே.

மெக்கானிக்: படம் அதுதான் நல்லா இருக்கு.

மச்சான்: அது சரி. அவகிட்ட வெங்காயம்னு சொன்னீங்க, புரைன்னு சொன்னீங்க. எங்கிட்டச் சொல்லுங்க. உங்க அம்மா போனப்பவே கண்ணு கலங்காத ஆளு. அந்தத் தடியன் ஓடினதுக்கா அழுதீங்க?

மெக்கானிக்: எனக்கென்ன தெரியும்... ஆரஞ்சு ஞாபகம் வந்துச்சு.

மச்சான்: எந்த ஆரஞ்சு?

மெக்கானிக்: பாப்பா கிளம்பின அன்னிக்கு ஜன்னல் வழியா நீ கொடுத்தியே. பை கிழிஞ்சு ரெண்டு உருண்டு பஸ்ஸுக்கு அடியில போச்சு. நீ மண்டி போட்டுத் தேடினே. எழுந்தப்போ சட்டை பூரா கிரீஸ். அவ விழுந்து விழுந்து சிரிச்சா. பஸ் போனதும் நீ குழாயடியில போய் மூஞ்சி கழுவுறமாதிரி அழுதே.

மச்சான்: நான் எங்கே அழுதேன்? கிரீஸைக் கழுவினேன்... இருங்க. இருங்க மாமா. அந்த ஆரஞ்சு கதையை நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே. படத்துலயும் இல்லை.

மெக்கானிக்: படியைப் பார்த்து இறங்கு.

மச்சான்: அன்னிக்குத்தானே நீங்க செருப்பில்லாம வீட்டுக்கு வந்தீங்க... லிஃப்ட் குழின்னீங்களே... யோவ் மாமா! இத்தனை வருஷமா அந்தப் பொண்ணு உங்ககூட ஒழுங்கா ரெண்டு வார்த்தை பேசுறதில்லை... போனை எடுங்க. 'நான் வந்தேன்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சரி, நானே போடுறேன்!

மெக்கானிக்: போனை உள்ளே வைடா. ஓடி வந்ததுல செருப்பு அறுந்துடுச்சு. எதிர்ல நின்ன காலி பஸ்ஸுக்குப் பின்னாடி நின்னேன். வெறுங்காலோட எதிர்ல போய் நின்னா, மனசு இளகி பையைத் தூக்கிக்கிட்டு இறங்கிடுவா. அது எனக்கு அன்னிக்கே தெரியும், இவனுங்க இப்பத்தான் மீட்டிங் போட்டுக் கண்டுபிடிச்சிருக்கானுங்க. இப்பச் சொன்னாலும் இளகிடுவாடா. கம்பெனிக்காரன் தலைகீழா நின்னும் முடியாதது என் ஒரு போன்ல முடிஞ்சிடும், அவ கையாலேயே அந்த வராத அப்பன் முடிவை வெட்டிடுவா. முதல்ல படம் அவ எடுத்தபடி வெளியாகட்டும்.