குடிக்கத்தான் தண்ணி கேட்டாள்

ஓட்டுகிறேன். 2004 டிசம்பர் 26. ஞாயிறு காலை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம். என் மீன் வண்டியிலிருந்து ஐஸ் பெட்டிகளை எல்லாம் உதைத்துத் தள்ளிவிட்டு ஆட்களை ஏற்றியிருக்கிறேன். முன்னால் என் பக்கத்தில் மகள் கலா. எட்டு மாதக் கர்ப்பிணி. அவளுக்கு அப்பால் என் மனைவி அஞ்சலை. கடல் சத்தம் அலைச் சத்தமாக இல்லை. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம். கொட்டிக்கொண்டே இருக்கிறது.

"தண்ணி! தண்ணி! ஓடுங்கடா!"

கிளம்பும்போது தம்பி ஏழுமலை என் கதவில் அறைந்தான். "நீ போ அண்ணாத்த! பொண்ண மொதல்ல ஆஸ்பத்திரில காட்டு! மிச்ச பேர நான் இஸ்கூல் மாடில ஏத்தறேன். வண்டிய எடுத்துகினு சீக்கிரம் வா!"

"வரேன்டா!"

கலா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "கல்லு மாதிரி ஆவுதுப்பா."

நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவன். லாரி கழுவினேன். கிளீனராகப் போனேன். இன்று இரண்டு வண்டிக்கு முதலாளி. இஞ்சின் இருமினாலே எந்த நட்டு தளர்ந்தது என்று சொல்வேன். எவனிடமும் கைகட்டி நின்றதில்லை. அப்படிப்பட்ட என்னை அந்த மாதம் முட்டாளாக்கியது இந்த வயிறு ஒன்றுதான்.

மாப்பிள்ளைக்கு மறைமலைநகரில் கம்பெனி வேலை. பிரசவத்துக்கு மகளை நாங்கள் கூட்டி வந்தோம். வந்ததிலிருந்து வயிறு இறுகும், விடும். இரண்டு தடவை செங்கல்பட்டுக்குப் பறந்தேன். இரண்டு தடவையும் திருப்பி அனுப்பினார்கள். "பொய் வலி. போங்க." அவ்வளவுதான் பேச்சு. பொய் என்றால் என்ன, ஏன் வருகிறது, வந்தால் என்ன செய்வது? ஒருவரும் வாய் திறக்கவில்லை. தெருவில் அதுவே பட்டப்பெயர் ஆனது. "பொய் வலிக்காரி வரா, வழி வுடுங்கடி." பிள்ளை அழுதாள். அஞ்சலை அதைச் சூட்டு வலி என்றாள். சீரகக் கஷாயம் கொடுத்தாள். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள். கால் வீங்கியிருக்கிறது, தண்ணீர் குடித்தால் எல்லாம் காலில் இறங்கும் என்று பெண்கள் கூடிப் பேசி, குடிக்கிற தண்ணீரையும் குறைத்துவிட்டார்கள். நான் கேட்கவில்லை. அது பெண்கள் பேச்சு என்றார்கள்.

கால்வாய்ப் பாலம். ஜனம். சைக்கிள், ஆடு, கைக்குழந்தை. ஹாரனை விடாமல் அழுத்துகிறேன். பாலம் தாண்டியதும் கைப்பம்பு தெரிகிறது. கலா என் தோளைப் பிடித்தாள்.

"தண்ணி... அப்பா, தண்ணி!"

பின்னால் இருந்தவர்கள் காதில் அது விழுந்தது. அவ்வளவுதான். "தண்ணி வந்துடுச்சி! மிதிடா! மிதிடா!" பத்துக் கை என் தலைக்கு மேலே கேபினை அடிக்கிறது. மிதித்தேன். கைப்பம்பு போய்விட்டது. டீக்கடையும் போய்விட்டது.

"குடிக்கத்தான் கேட்டேன்" என்று கலா அழுகிறாள்.

"அந்த வார்த்தைய சொல்லாதடி! கொன்னுடுவாங்க!" என்று அஞ்சலை அவள் வாயைப் பொத்துகிறாள்.

வயிறு மறுபடி இறுகியது. செங்கல்பட்டு வரை தாங்காது என்று பயந்து திருக்கழுக்குன்றத்திலேயே வண்டியை ஒடித்தேன். சுகாதார நிலையம். ஒரே ஒரு நர்ஸ் அம்மா. வாசலில் கூட்டம். கலாவை உள்ளே படுக்க வைத்தார்.

"கடைசியா எப்பம்மா தண்ணி குடிச்ச?"

"நேத்து சாயந்தரம்."

"ஒன்னுக்கு?"

"காலைல ஓடியாந்தோம். அடக்கினு கீறேன்."

நர்ஸ் என்னை முறைத்தார். "என்ன ஏம்மா மொறைக்கிற? நான் வண்டி ஓட்றவன். பொய்யா நெஜமா, ஒன்னு சொல்லு. என் தம்பி அங்க நிக்கிறான்!"

"வயித்தக் கேளு பெரியவரே. அதுதான் சொல்லணும்."

முதலில் கழிப்பறைக்கு அனுப்பினார். பிறகு ஒரு சொம்புத் தண்ணீர். மடக்கு மடக்காக. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். மூச்சை மெதுவாக விடச் சொன்னார். வயிற்றில் கை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். நான் சாவியை நசுக்கிக்கொண்டு வாசலுக்கும் கட்டிலுக்கும் நடக்கிறேன். ரோட்டில் ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டு போகிறது. கடல் பக்கம். என் வண்டி சும்மா நிற்கிறது. யாரை அடிப்பது?

இறுகியது. விட்டது. அடுத்தது தள்ளி வந்தது, லேசாக. அதற்கடுத்தது வரவே இல்லை.

நர்ஸ் சோதித்துப் பார்த்தார். கர்ப்பப்பை வாய் திறக்கவில்லை. ரத்தம் இல்லை. பனிக்குடம் உடையவில்லை. குழந்தைத் துடிப்பு நன்றாக இருந்தது. "பொய்யும் இல்ல, நடிப்பும் இல்ல. பிரசவத்துக்கு வயிறு பழகிக்குது. தண்ணி கொறஞ்சா, ஒன்னுக்கு அடக்கினா, ஓடினா ஜாஸ்தியாவும். நெஜ வலி படுத்தாலும் விடாது. நெருங்கி நெருங்கி வரும், ஏறிகினே போவும். எட்டாம் மாசம்ன்றதால நீ கூட்டியாந்தது சரிதான். ரத்தம் பட்டாலோ, நீர் கசிஞ்சாலோ, புள்ள அசைவு கொறஞ்சாலோ உக்காந்து கஷாயம் வெச்சினு இருக்காத. ஓடியா."

இத்தனைதான். செங்கல்பட்டில் முதல் தடவையே இதைச் சொல்லியிருந்தால் வீட்டில் ஒரு குடம் தண்ணீர் இல்லாமலா போனது? அந்தக் கைப்பம்பில் நிறுத்தியிருக்க மாட்டேனா? இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. உங்கள் வீட்டில் வயிற்றுப் பிள்ளைக்காரி இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

கலாவை அஞ்சலையிடம் விட்டுவிட்டுக் குப்பத்துக்குத் திரும்பினேன். வண்டி பறந்தது. பாலத்தில் போலீஸ் மறித்தார்கள். "உள்ள போவாத! செத்துடுவ!" இறங்கி ஓடினேன். முழங்கால் அளவு சேறு. பள்ளிக்கூட மாடியில் ஜனம் இருக்கிறது. உயிரோடு இருக்கிறது. தம்பி மனைவி, இரண்டு பிள்ளைகள், எல்லாரும் மேலே. அவன் மட்டும் இல்லை.

"வண்டி சத்தம் கேக்குது, அண்ணாத்த வந்துட்டாருன்னு கீழ எறங்கினாரு" என்றாள் தம்பி மனைவி. "வேற யாரோ வண்டி மாமா அது."

அடுத்த மாதம் கலாவுக்கு நிஜ வலி வந்தது. படுத்தாள், விடவில்லை. குடித்தாள், விடவில்லை. "இதுதாம்ப்பா" என்று அவளே சொன்னாள். செங்கல்பட்டில் ஆண் பிள்ளை.

போனதைச் சொல்கிறேன். கரை ஓரத்து வண்டி ஒன்று. வீடு. ஐஸ் பெட்டிகள் எல்லாம். பக்கத்து வீட்டுப் பவுனம்மா. அவள் பேரப்பிள்ளைகள் இரண்டு. வலை பின்னும் கோவிந்தன். என் தம்பி ஏழுமலை, வயது நாற்பத்தொன்று. எந்த வண்டி அது என்று ஊர் ஊராகப் போய் டிரைவர்களைக் கேட்டேன். ஒருவனும் ஒப்புக்கொள்ளவில்லை.